இயற்கைக் குறும்படம்: வியப்பிலிருந்து சாட்சியம் வரை

இந்தியத் திரைப்பட வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1913இல் வெளிவந்த ‘ராஜா ஹரிச்சந்திரா’விலிருந்தே தொடங்குவர். எனினும், அதனை உருவாக்கிய தாதாசாகேப் பால்கே, முந்திய ஆண்டிலேயே ஒரு பட்டாணிச் செடியின் வளர்ச்சியைப் படமாக்கியிருந்தார். சட்டியில் ஊன்றிய விதை முளைத்துச் செடியாவதை ஒரு மாதத்திற்கு மேலாகச் சிறிது சிறிதாகப் பதிவுசெய்து, ஏறத்தாழ ஒரு நிமிடத்துள் அடக்கினார். முதலின்றி இடருற்ற அவருக்குப் பணம் கொடுப்போரின் நம்பிக்கையைத் தேடித்தந்தது இச்சிறு படமே. இங்கிலாந்தில் பேர்சி சிமித் 1910இல் மலர்கள் விரிவதை இம்முறையிலேயே காட்டியிருந்தார். இவற்றில் செடி ஒரு வியப்புப் பொருள். அது வாழும் மண்ணைப் பற்றிய வினா அங்கு எழவில்லை.

படம் யாருடைய பணத்தால், யார் பொருட்டு எடுக்கப்படுகின்றது என்பது இவ்வரலாற்றில் புறக்கணிக்க முடியாத வினாவாகும். இலங்கையின் இயற்கையையும் மக்கள் வாழ்வையும் உலகறியச் செய்த பசில் றைற்றின் ‘சோங் ஒவ் சிலோன்’ (1934), தேயிலைப் பிரசார சபையின் ஆதரவில் உருவானது. அதன் கலைச்சிறப்பு மறுக்கற்பாலதன்று. ஆயினும், அதன் தோற்றுவாய் தேயிலை வணிகமே.

தமிழகத்தில் நிலைமை வேறொரு திசையில் வளர்ந்தது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், அதன் பின்னர் பாம்புத்தோல் ஏற்றுமதிக்கு விதிக்கப்பட்ட தடையும் இருளர்களின் பிழைப்பை முடக்கின. 1978இல் அமைந்த அவர்களது கூட்டுறவுச் சங்கம், பாம்புகளைப் பிடித்து, மருந்துக்காக நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடும் முறையைக் கைக்கொண்டது. சேகர் தத்தாத்ரி 1987இல் இதனைக் குறும்படமாக்கினார். பாம்பின் வாழ்வும் பாம்பு பிடிப்போரின் வாழ்வும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதே அதன் உட்பொருள்.

அவரே 2001இல் கர்நாடகத்துக் குதிரைமுகம் மலைகளில் நிகழ்ந்த இரும்புத்தாது அகழ்வின் கேடுகளைச் சில நிமிடப் படமாக்கினார். அகழ்வை 2005இன் இறுதிக்குள் நிறுத்துமாறு இந்திய உச்ச நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. ஒரு படம் மட்டுமே இவ்வெற்றியை ஈட்டியதெனக் கூறுவது மிகையாகும். சூழற் பாதுகாவலரின் நெடும் போராட்டமே அதன் அடிப்படை. எனினும், சென்று காண்பதற்கரிய மலையின் நிலையைப் பலர் கண்முன் நிறுத்தியது படமே. வியப்பூட்டிய கமரா இங்கு சாட்சியாக மாறியது.

முதுமலை யானைக்குட்டிகளையும் அவற்றை வளர்த்த பழங்குடித் தம்பதியரையும் காட்டிய குறும்விவரணப்படம் 2023இல் ஒஸ்கார் விருது பெற்றமை இவ்வரலாற்றின் அண்மைய கட்டமாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்கிழக்கே, 1938இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்ட சுண்டிக்குளம் உள்ளது. அங்கு வந்திறங்கும் பறவைகளோடு, அந்நீரேரியை நம்பி வாழும் மீனவரையும் ஒருங்கே நோக்கும் படமே இம்மரபின் உண்மையான தொடர்ச்சியாக அமையும்.