கருந்துளையின் மையம்

கருந்துளையின் மையத்தில் ஒருமைப்புள்ளி உள்ளது என்று பாடநூல்கள் கூறுகின்றன. ஈர்ப்பை விளக்கும் பொதுச் சார்புக் கோட்பாடு மேற்கொண்டு கணக்கிட முடியாமல் நின்றுபோகும் எல்லைக்கு இடப்பட்ட பெயரே அது. இந்த எல்லை பற்றிய வழக்கு, தஞ்சை மாவட்டத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகரிடம் தொடங்குகிறது.

1930இல் சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்து, 19 வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார் அவர். எரிபொருள் தீர்ந்த விண்மீன் வெண்குறுமீனாகச் சுருங்கும். அதன் எலக்ட்ரான்களின் அழுத்தம் ஈர்ப்பைத் தாங்கி நிற்கும். அந்த எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கினால் என்ன ஆகும் என்று பயணத்தின்போது கணக்கிட்டார். சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் நிறை இருந்தால் அழுத்தம் தோற்றுவிடும் என்பதே விடை.

1935 சனவரி 11 அன்று இலண்டன் அரச வானியல் கழகக் கூட்டத்தில் ஆர்தர் எடிங்டன் இதை எள்ளி மறுத்தார். ஆனால் விளைவை அங்கே தெளிவாகக் கண்டவரும் அவரே: அத்தகைய விண்மீன் ஒளியும் வெளியேற முடியாத அளவுக்குச் சுருங்கும் என்றார். இயற்கை அதை அனுமதிக்காது என்பது அவர் நம்பிக்கை.

1939இல் ஓப்பன்ஹைமரும் சினைடரும் அச்சுருக்கத்தைக் கணக்கிட்டுக் காட்டினர். ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்டது அழுத்தமே இல்லாத, முழுக் கோள வடிவத் தூசு. உண்மையான விண்மீன் அவ்வளவு சீராக இராது. துகள்கள் ஒன்றையொன்று விலகிச் சென்றுவிடும் என ஐயம் எழுந்தது.

அந்த ஐயத்தைத் தீர்க்கும் கருவி கொல்கத்தாவிலிருந்து வந்தது. உலோகங்களை ஆராயும் பணியில் இருந்த அமல் குமார் ராய்சௌதுரி, தன் விருப்பத்தில் சார்புக் கோட்பாட்டைப் பயின்று, அருகருகே செல்லும் பாதைகளை ஈர்ப்பு எவ்வாறு குவிக்கும் என்பதற்கான சமன்பாட்டை 1955இல் வெளியிட்டார். அதைப் பயன்படுத்தி 1965இல் ரோஜர் பென்ரோஸ், சீர்மை இல்லாவிட்டாலும் சுருக்கம் ஒரு கட்டத்தைத் தாண்டினால் ஒருமைநிலையைத் தவிர்க்க முடியாது என நிறுவினார். இதற்காக 2020இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பென்ரோஸின் தேற்றம் சொல்வது இவ்வளவே: சில ஒளிப்பாதைகள் உள்ளே முடிந்துபோகின்றன. பொருளெல்லாம் ஒரு புள்ளியாக நசுங்குகிறது என்று அது கூறவில்லை. சுழலும் கருந்துளையின் கணிதத் தீர்வில் ஒருமைநிலை வளைய வடிவம் கொள்கிறது. சுழலாத கருந்துளைக்குள் விழுபவருக்கோ அது தவிர்க்க முடியாத ஒரு வருங்காலக் கணம். ஆகவே ‘மையம்’ என்ற சொல்லே முழுப் பொருத்தமானதல்ல.

சந்திரசேகர் 1970களில் கருந்துளைகளுக்குத் திரும்பினார். அவரது ‘கருந்துளைகளின் கணிதக் கோட்பாடு’ 1983இல் வெளியானது. அதே ஆண்டு நோபல் பரிசும் வந்தது. ஒருமைநிலைக்கு அருகில் என்ன நிகழ்கிறது என்று சொல்லக்கூடிய குவாண்டம் ஈர்ப்புக் கோட்பாடு இன்னும் முழுமை பெறவில்லை.