கடலடிக் கேபிளும் மேசைக் கேபிளும்

சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பற் பிரயாணத் தூரத்தில் இருக்கும் போர்ட் பிளேரில், வாங்கிய சாமான் பொருந்தவில்லையென்றால் மறுநாள் ரிச்சி தெருவுக்குப் போய் மாற்றிக்கொள்ளும் சௌகரியம் நமக்கு இல்லை. ஆகையால், லேப்டாப்புக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மானிட்டரை வைத்துக்கொள்ள எந்தக் கேபிள் வாங்குவது என்ற, வேறு ஊர்களில் அற்பமாகத் தோன்றும் விஷயம், இங்கே கொஞ்சம் சரித்திர ஞானத்தையும் கேட்கிறது.

1858-இல் அந்தமானில் தண்டனைக் குடியேற்றம் ஸ்தாபிக்கப்பட்ட நாள் முதல் இத்தீவுகளுக்குச் செய்தியெல்லாம் கப்பலில்தான் வந்தது. தபால் கப்பல் தாமதித்தால் உலகமும் அத்தனை நாள் தாமதித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பர்மாக் கரையோரத்து டைமண்ட் தீவுடன் கம்பியில்லாத் தந்தித் தொடர்பு ஏற்பட்டது. பிற்காலத்தில் செயற்கைக்கோள் வந்தது. இரண்டும் ஆகாய மார்க்கமே. சென்னையிலிருந்து சமுத்திரத்தின் அடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் கண்ணாடியிழைக் கேபிள் இழுத்து, போர்ட் பிளேரையும், ஹாவ்லாக், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் முதலிய தீவுகளையும் இணைக்கும் திட்டத்துக்கு 2018 டிசம்பர் 30-இல் அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது. 2020 ஆகஸ்ட் 10-இல் அது திறந்து வைக்கப்பட்டது. ஒரு கடிதத்துடன் இணைத்த படம் இறங்குவதற்குள் தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வந்த எங்களுக்கு, அன்று முதல் தடை என்பது கடலை விட்டு நகர்ந்துவிட்டது. எங்கே நகர்ந்தது என்பதை அறிய எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. அது மேசைமேல் கிடந்த ஒன்றரை மீட்டர் கேபிளுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

என் அலமாரியில் இன்னும் ஒரு பழைய விஜிஏ கேபிள் உண்டு. 1987-இல் ஐபிஎம் ஸ்தாபனம் தன் பிஎஸ்/2 கணினிகளோடு வெளியிட்ட முறை அது: மூன்று வரிசையில் பதினைந்து பின்கள், இரு பக்கமும் விரலால் முடுக்கும் திருகுகள், பிற்காலத்தில் வழக்கமாகிவிட்ட நீலத் தலை. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று வர்ணங்களும் தனித்தனிக் கம்பிகளில் அலைகளாக ஓடும். அலையானபடியால், இணைப்பு சிறிது கெட்டால் படம் மறையாது, வர்ணம் மட்டும் மாறும். உப்புக் காற்றில் பின்கள் பச்சைக் களிம்பு பூத்து, திரை முழுவதும் மஞ்சள் காமாலை கண்டதுபோல் நீலம் இழந்து நின்ற நாட்களில், நாங்கள் திருகைத் தளர்த்தி, தலையை லேசாகச் சாய்த்து, மறுபடி முடுக்குவோம். நீலம் திரும்பி வரும். அத்தகைய சமரசத்துக்கு இன்றைய கேபிள்கள் இடங்கொடுப்பதில்லை.

1999-இல் வந்த டிவிஐ என்ற இணைப்பு முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2002-இன் முடிவில் தொலைக்காட்சிக் கம்பெனிகள் கூடி, படமும் ஒலியும் ஒரே கேபிளில் செல்லும் எச்டிஎம்ஐயை வகுத்தன. 2006-இல் கணினித் தொழில்துறையினர் தங்கள் பங்குக்கு டிஸ்ப்ளேபோர்ட்டைக் கொண்டுவந்தார்கள். இவ்விரண்டுக்கும் இடையிலான சம்பந்தம் விசித்திரமானது: லேப்டாப்பின் டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து மானிட்டரின் எச்டிஎம்ஐக்குப் போகப் பெரும்பாலும் ஒரு சாதாரண மாற்றி போதும், எதிர்த்திசையில் போக வேண்டுமானால், மின்சாரம் ஊட்டி உள்ளே தனிச் சில்லு வேலை செய்யும் மாற்றி வேண்டும். வெளித்தோற்றத்தில் இரண்டு மாற்றிகளும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதில்தான் வாங்குகிறவனுடைய கஷ்டம் இருக்கிறது.

2014-இல் யுஎஸ்பி-சி வந்தது. எந்தப் பக்கமாகச் செருகினாலும் ஏற்கும் வாய், 24 தொடுமுனைகள், அதே வழியில் டிஸ்ப்ளேபோர்ட் படத்தையும் அனுப்பும் ஏற்பாடு. இந்த வடிவத்தையே மறுவருஷம் தண்டர்போல்ட் 3 என்ற இணைப்பு முறையும் எடுத்துக்கொண்டது. இங்குள்ள அபர்தீன் பஜாரில் ஒரு கடையில் இப்படிப்பட்ட கேபிள் கேட்டபோது, "அண்ணே, ஓட்டை ஒண்ணுதானே, எல்லாம் போகும்" என்று சொல்லி ஒன்றை எடுத்துக் கொடுத்தான் ஒரு பையன். வீட்டில் செருகினேன். சார்ஜ் விளக்கு எரிந்தது. மானிட்டரோ 'சிக்னல் இல்லை' என்று எழுதிக் காட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டது. அது போன் சார்ஜ் செய்யும் கேபிள். படத்தைச் சுமக்கவேண்டிய கம்பிகளே அதற்குள் இல்லை. பையன் பொய் சொல்லவில்லை, ஓட்டை ஒன்றுதான். லேப்டாப்பின் துளையருகே தண்டர்போல்ட்டின் மின்னற் குறியோ டிஸ்ப்ளேபோர்ட்டின் சின்னமோ இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். ஒன்றுமே அச்சிடாமல் விடுகிற தயாரிப்பாளர்களும் உண்டு.

வாய் பொருந்தினாலும் வேகம் போதவேண்டும். ஒரு 4கே மானிட்டரில் குறுக்கே 3,840, நெடுக்கே 2,160 புள்ளிகள். புள்ளிக்கு 24 பிட், வினாடிக்கு 60 தடவை என்று பெருக்கினால், வினாடிக்குச் சுமார் 1,194 கோடி பிட் வருகிறது. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே அறிவிக்கப்பட்ட வேகம் வினாடிக்குத் தலா 200 ஜிகாபிட் வீதம் இரண்டு பங்கு, அதாவது 40,000 கோடி பிட். சுருக்காத படமாக அனுப்பினால், இத்தீவுகளுக்கென்று வந்த அந்த மகத்தான கேபிளை 33 மேசைகள் நிரப்பிவிடும்! 2009-இன் எச்டிஎம்ஐ 1.4 இந்தச் சுமையைத் தாங்காமல் வினாடிக்கு 30 தடவையே 4கே படம் காட்டியது. சுட்டி அம்பு திரையில் தத்தித் தத்தி நகர்வதைக் கண்டு நான் மௌஸைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். 60 வேண்டுமென்றால் 2013-இல் வந்த 2.0 லேப்டாப்பிலும் மானிட்டரிலும் இருக்கவேண்டும், அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேண்டும்.

கடைசியில் சரியான கேபிளைச் சென்னையிலிருந்து வந்த உறவினர் ஒருவர் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். பழைய நீலத் தலையை மட்டும் தூக்கியெறிய மனம் வரவில்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படம் காட்டக் கூப்பிட்டால், அங்கே உத்தரத்தில் தொங்கும் புரொஜெக்டருக்கு இன்னும் அந்தப் பதினைந்து பின்தான் தெரியும்.