சக்கரம் பாதி, தட்டுப்பலகை பாதி: தமிழகத்து உருண்டைப் பானையின் தொழில்நுட்ப வரலாறு

தென்னிந்தியப் பானைத் தொழிலின் வளர்ச்சி நெடுநாளாக மூன்று படிகளாகச் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. 1947இல் கர்நாடகத்தின் பிரம்மகிரியை அகழ்ந்த மார்ட்டிமர் வீலர் வகுத்த வரிசை அது. கற்கோடரிக் கால மக்கள் கையால் பானை செய்தனர், பெருங்கற்காலத்தவர் மெல்லச் சுழலும் தட்டைக் கையாண்டனர், அதற்கு மேலிருந்த ‘ஆந்திர’ அடுக்கில் வேகச் சக்கரம் வந்தது என்றார் அவர். பிரம்மகிரியின் மண்ணடுக்குகளை விளக்க அது உதவியது. பிறகு அதுவே அளவுகோலாகி, ஓடுகளைக் ‘கையால் செய்தவை’, ‘சக்கரத்தில் செய்தவை’ என்று இரண்டாகப் பிரிப்பது வழக்கமாயிற்று. தமிழகத்தைப் பொறுத்தவரை இந்தப் பிரிவினையில் ஒரு சிக்கல் உண்டு: ஒரே பானையின் வாய் ஒரு குவியலிலும் அடி மற்றொரு குவியலிலும் விழ வாய்ப்பிருக்கிறது.

சிக்கலுக்குக் காரணம் உருண்டை அடி. மூன்று கல் அடுப்பில் வைத்துச் சமைக்கும் பானைக்கு மூலை இருக்கக் கூடாது. மூலையில் வெப்பம் ஏறி இறங்கும்போது விரிசல் பிறக்கும். இடுப்பிலோ சும்மாட்டிலோ நிற்க வேண்டிய குடத்துக்கும் உருண்டை அடிதான் தோது. ஆனால் சுழலும் சக்கரத்தின் மேல் மண் தட்டையாகத்தான் உட்காரும். ஆகவே சக்கரத்திலிருந்து உருண்டைப் பானை நேராக இறங்கி வராது.

தமிழகத்துக் குயவர்கள் இதற்குக் கையாளும் வழி இந்தியாவின் வேறு பல பகுதிகளிலும் வழங்குவதுதான். ஆரக்கால் வைத்த, விளிம்பில் மண் பூசிக் கனமேற்றிய சக்கரத்தைக் கோலால் சுழற்றிவிட்டு, நடுவிலிருக்கும் மண்குவியலின் உச்சியிலிருந்து வனையத் தொடங்குவர். 1880இல் வெளிவந்த தம் நூலில் ஜார்ஜ் பேர்ட்வுட் இந்தியக் குயவரின் சக்கரத்தை விவரிக்கிறார். அதன் குறுக்களவு இரண்டு மூன்று அடி. ஒருமுறை சுழற்றிவிட்டால் ஐந்து முதல் ஏழு நிமிடம் வரை நடுக்கமின்றி ஓடும். அந்தச் சில நிமிடங்களில் வாயும் கழுத்தும் முழுமை பெறுகின்றன. உடல் தடித்த சுவராகவே விடப்படுகிறது. பல ஊர்களில் அடியே இல்லாமல், கீழே திறந்த நிலையில் நூலால் அறுத்து எடுப்பார்கள். சக்கரத்தின் வேலை அதோடு முடிந்தது.

மீதியெல்லாம் உலர்த்தும் இடத்தில் நடக்கிறது. அறுத்த கலத்தை உடனே தொட்டால் நசுங்கும். காயவிட்டுத் தொட்டால் வெடிக்கும். விளிம்பு தன் வடிவைத் தாங்கும் அளவு இறுகியும் உடல் இன்னும் இழுபடக்கூடியதாயும் இருக்கும் பதம் ஒன்று உண்டு. நிழலில் வைப்பதும், காற்று பட வேண்டிய பக்கத்தைத் திருப்புவதும், காயக் கூடாத பகுதியை ஈரத்துணியால் மூடுவதும் அந்தப் பதத்துக்காகத்தான். அது வந்ததும் உள்ளே வழுவழுப்பான கல்லொன்றைக் கொடுத்து வெளியே மரப்பலகையால் தட்டுவார்கள். ஒட்டாமலிருக்கச் சாம்பலோ மணலோ தூவப்படும். தட்டத் தட்டச் சுவர் மெலிந்து கீழே இறங்கி, திறந்திருந்த அடி சுருங்கி மூடிக்கொள்கிறது. ஒரே மூச்சில் இது முடியாது. கொஞ்சம் தட்டி, உலரவிட்டு, மறுபடி தட்டுவார்கள். கடைசித் தட்டுக்குப் பிறகுதான் வெயில். ஈரம் மிச்சமிருந்தால் சூளையில் அது ஆவியாகிப் பானையைப் பிளந்துவிடும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் தொழில் முடங்குவதற்கும், பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் குயவர் வீடுகள் பரபரப்பாவதற்கும் இந்த உலர்த்தலும் ஒரு காரணம்.

தொல்லியலாளருக்கு இதில் ஒரு தொல்லை இருக்கிறது. பலகை அடி, சக்கரம் விட்டுச்சென்ற வரிகளை அழித்துவிடுகிறது. உடைந்த பானையின் வாய்ப்பகுதியில் சுழற்சிக் கோடுகள் தெளிவாகத் தெரியும்; அடிப்பகுதியிலோ உட்புறத்தில் கல் பதிந்த மெல்லிய குழிகளே மிஞ்சும். மறுபக்கமும் ஏமாற்றும். கூர்த்தி, ரூ என்னும் இரு ஆய்வாளர்கள் 1995இல் காட்டியபடி, மண்சுருள்களை அடுக்கிச் சக்கரத்தில் சீர்செய்த கலத்திலும், குவியலிலிருந்து வனைந்த கலத்தில் இருப்பது போன்ற கோடுகள் விழும். எனவே கோடு இருப்பதை மட்டும் வைத்து வேகச் சக்கரம் வந்துவிட்டது என்பதும், இல்லாததை வைத்துச் சக்கரம் அறியாத மக்கள் என்பதும் அவசர முடிவுகள்.

ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ வெளிக்கொணர்ந்த ஈமத்தாழிகளை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். அத்தனை பெரிய தாழியைச் சக்கரத்தில் வனைவது ஆகாத காரியம். சுருளடுக்கிக் கட்டித் தட்டியே ஆக வேண்டும். புறநானூற்றின் 228ஆம் பாடலோ சோழன் கிள்ளிவளவனுக்குத் தாழி செய்யவேண்டிய குயவனை நோக்கி, உலகையே சக்கரமாகவும் மேருவையே மண்ணாகவும் கொண்டு வனைய முடியுமா என்று கேட்கிறது. புலவர் தொழிலறியாமல் பாடிவிட்டார் என்று நான் கருதவில்லை. சங்ககாலத்தில் குயவனை நினைத்தாலே சக்கரம் நினைவுக்கு வருமளவுக்கு அது ஊன்றிவிட்டது என்பதற்கே இது சான்று. கைக்கட்டும் சக்கரமும் ஒரே காலத்தில், ஒருவேளை ஒரே குயவர் குடியில், அருகருகே நிலவியிருக்க வேண்டும்.

அரிக்கமேட்டின் ரௌலட்டட் தட்டுகள் வேறொரு மரபைக் காட்டுகின்றன. அவை தட்டை அடி கொண்டவை, நேர்த்தியான சக்கர வேலை. உட்புறத்து வட்ட வரிசைப் புள்ளிகள் ஒரு காலத்தில் ரோமானியத் தொடர்பின் முத்திரையாக எண்ணப்பட்டன. அந்த வடிவமும் மண்ணும் இந்தியாவுக்குரியவை என்று தொல்லியலாளர் விமலா பெக்லி வாதிட்டார். பிந்தைய மண்ணாய்வுகள் பலவும் கங்கைக் கழிமுகத்தைச் சுட்டுகின்றன. இந்தத் தட்டுகள் வந்திறங்கிய துறைமுகங்களிலும் சோறு வெந்தது உருண்டைப் பானையில்தான். வேகச் சக்கரத்தின் நேர்த்தியைக் கண்ணால் கண்ட பிறகும் உள்ளூர்க் குயவர் பலகையைக் கைவிடவில்லை. கைவிடத் தேவையும் இல்லை.

பல்லவர் செப்பேடுகளில் வரும் ‘குசக்காணம்’, குயவர்கள் அரசுக்கு வரி செலுத்துமளவுக்கு நிலைபெற்றிருந்ததைச் சொல்கிறது. இடைக்காலக் குடியிருப்புகளில் கட்டங்களும் கோடுகளும் செதுக்கிய பலகையால் தட்டிய ஓடுகள் கிடைக்கின்றன. மற்ற காலங்களில் தன் தடத்தைத் தானே மறைத்த கருவி, இங்கே அலங்காரமாகவே மேற்பரப்பில் நின்றுவிட்டது.

2018இல் கதர் கிராமத்தொழில் ஆணையம் தொடங்கிய திட்டத்தின் வழியே நாடெங்கும் குயவர்களுக்கு மின்சக்கரங்கள் வழங்கப்பட்டன. கை ஓய்ந்தவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் உருண்டைப் பானையைப் பொறுத்தவரை சக்கரம் எப்போதுமே விரைவான பகுதிதான். நேரம் பிடிப்பது உலர்த்தலும் தட்டலும். ஆகவே மின்சக்கரத்தால் முழுப் பயன் பெற்றவை அகல்விளக்கு, தேநீர்க் குவளை, பூந்தொட்டி போன்ற தட்டை அடிப் பொருள்கள். எரிவாயு அடுப்பும் அதே திசையில் தள்ளியது. தட்டுதல் இன்னும் விலைமதிப்போடு நிற்கும் இடங்களுள் ஒன்று மானாமதுரை. அங்கு செய்யும் கடம் என்னும் இசைக்கருவிக்குச் சக்கரம் தொடக்க வடிவத்தைத் தருகிறது. நாதமோ சுவரின் கனத்தையும் இறுக்கத்தையும் பொறுத்தது. அந்த இரண்டையும் தீர்மானிப்பது, பதம் பார்த்து ஆயிரக்கணக்கில் விழும் பலகையடி.