ஏலக்காய் ஸ்டோரும் ஐம்பது டிகிரியும்

இந்த எபிசோடில் ஒரு எண்ணோட வரலாற்றைப் பேசலாம்னு இருக்கேன். 45 முதல் 55 டிகிரி செல்சியஸ். போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரம் இந்தப் பத்து டிகிரி இடைவெளிக்குள்ளதான் நடக்குது. பறிச்ச காயை உலர்த்தும்போது சூடு இதுக்கு மேல போனா பச்சை நிறம் வெளுத்துப் பழுப்பாகும், தோல் வெடிக்கும், வாசனை எண்ணெய் பறந்துடும். ரொம்பக் கீழே இறங்கினா பூஞ்சை பிடிக்கும். ஒரு காய் எடுப்புக்குப் பின்னால் இருக்கிற மொத்த உழைப்புக்கும் என்ன விலைன்னு ஒரே ராத்திரியில் முடிவாயிடும். அந்த ராத்திரியை மனுஷங்க எப்படிக் கையாளக் கத்துக்கிட்டாங்க? அதுதான் இன்னைக்குக் கதை.

மலை அங்கே, சந்தை இங்கே

போடி தேனி மாவட்டத்தில், மலை அடிவாரத்தில் இருக்கு. அங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறினா போடிமெட்டு. அதைத் தாண்டினா கேரளாவோட இடுக்கி மாவட்டம். ஏலச்செடி அதிகமா நிக்கிறது அந்தப் பக்கம்: பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம். ஆனா அந்த மலையில் ஏலம் பயிரிட்டவங்களில் பெரும் பகுதி போடி, கம்பம், உத்தமபாளையம் பக்கத்துத் தமிழர்கள். இன்னைக்கும் விடிகாலையில் ஜீப்பில் ஏறி மலைக்குப் போய் காய் எடுத்துட்டு சாயங்காலம் இறங்குற பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்காங்க.

19ஆம் நூற்றாண்டில் இந்த மலை திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குச் சொந்தம். ஏலக்காய் அரசோட ஏகபோகம். விளைவிச்சவர் தன் இஷ்டத்துக்கு விற்க முடியாது, சர்க்காரிடம்தான் கொடுக்கணும். சரக்கு ஆலப்புழைக் கிடங்குக்குப் போகும். அந்த நூற்றாண்டோட கடைசியில் ஏகபோகம் போய் நிலவரி வந்தது. கிடங்கு போனாலும் பேர் மட்டும் போகலை. இன்னைக்கும் உலகச் சந்தையில் நம்ம ஏலக்காய்க்கு 'ஆலப்பி கிரீன்'னுதான் பேர். அதில் 'எக்ஸ்ட்ரா போல்டு', 'போல்டு', 'சுப்பீரியர்'னு தரம் பிரிப்பாங்க.

அந்தப் பேரிலேயே 'கிரீன்'ங்கிற வார்த்தை இருக்கு, கவனிச்சீங்களா? காயோட அளவை சல்லடை சொல்லிடும். நிறத்தைத் தீர்மானிக்கிறது உலர்த்தின விதம்.

போடிக்கு 1928இல் ரயில் வந்தது. மலைச்சரக்கு இறங்கும் சந்தையா ஊர் வளர்ந்தது. இப்போ நறுமணப் பொருள் வாரியத்தோட மின்னணு ஏலம் போடியிலும், மலைக்கு மேல புத்தடியிலும் நடக்குது. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் போச்சு. ஏலத்தில் வியாபாரி சாம்பிளைத் தட்டில் கொட்டினதும் முதலில் பார்க்கிறது நிறத்தைத்தான்.

வெயில், கந்தகம், புகை

உலர்த்த எல்லாருக்கும் தெரிஞ்ச வழி வெயில். அஞ்சாறு நாள் காயப்போட்டா காய் காயும், ஆனா பச்சை போயிடும். அது ஒரு காலத்தில் பெரிய குறையா இல்லை. ஐரோப்பாவில் வெள்ளை ஏலக்காய்க்கு மவுசு இருந்தது. அதனால கந்தகப் புகையில் காட்டியே காயை வெளுக்க வச்சாங்க. கர்நாடகத்தில் ஹாவேரி ஊர் ஏலக்காய் வெளுக்கிறதுக்குப் பேர் போனது.

இன்னொரு பக்கம் சிக்கிம். அங்கே விளையுற பெரிய ஏலக்காயை 'பட்டி'ன்னு சொல்ற அடுப்பு மேல பரப்பி, கீழே விறகு எரிச்சு, நேரடியாப் புகையிலேயே உலர்த்துவாங்க. கறுத்து, புகை வாசனையோட வரும். பிரியாணியில் போடுறோமே, அந்தக் கறுப்பு ஏலக்காய்.

நம்ம மலைக்கு இது ரெண்டுமே ஒத்துவரலை. தென்மேற்குப் பருவமழையில் ஆரம்பிச்சு மாசக்கணக்கில் காய் எடுப்பு நடக்கும். அந்த மழையில் வெயிலை நம்ப முடியாது. அரபு நாடுகள்ல காவாங்கிற ஏலக்காய் காபிக்குப் பச்சைக்காய்தான் கேட்பாங்க. ஆக நெருப்பு வேணும், புகை காயைத் தொடக்கூடாது, வெளிச்சமும் நேரா அடிக்கக்கூடாது. இந்த மூணு நிபந்தனைக்கும் சேர்த்துக் கட்டின கட்டடம்தான் ஏலக்காய் ஸ்டோர்.

ஸ்டோருக்குள்ளே

அடுப்பு சுவருக்கு வெளியே. அதிலிருந்து பெரிய இரும்புக் குழாய் அறைக்குள்ளே வந்து, தரையோட ஒட்டிச் சுத்தி, மறுபக்கம் புகைபோக்கியில் போய் முடியும். புகை குழாய்க்குள்ளேயே போயிடும், சூடு மட்டும் அறைக்கு வரும். மேலே அடுக்கடுக்கா தட்டு. தட்டுக்கு அடியில் கம்பி வலை, அதில் காயை ஒரே வரிசையாப் பரப்புவாங்க. சுவரில் கீழேயும் மேலேயும் திறந்து மூடுற ஜன்னல்.

முறை இதுதான். காயைக் கழுவி, பலர் 2 சதவீதச் சலவை சோடா கரைசலில் பத்து நிமிஷம் ஊறவைப்பாங்க, பச்சை நிலைக்கிறதுக்கு. தட்டில் பரப்பி, எல்லாத்தையும் மூடி, சூட்டை 45 முதல் 55 வரைக்கும் கொண்டுவந்து மூணு நாலு மணி நேரம் வைப்பாங்க. காய் வேர்க்கும். அறை முழுக்க ஆவி. அப்போ ஜன்னலைத் திறந்து ஆவியை வெளியேத்தணும். திரும்ப மூடி, 45 டிகிரியை ஒட்டி ஒரு நாள், சிலசமயம் அதுக்கு மேலேயும் நிறுத்தணும். கடைசி ஒண்ணு ரெண்டு மணி நேரம் மட்டும் 60க்கு ஏத்துவாங்க. சூடா இருக்கும்போதே கம்பி வலையில் தேய்ச்சா காம்பு தானா உதிரும்.

தெர்மாமீட்டர் இல்லாத காலத்து ஸ்டோர்காரர்கள் சிலரை நான் பார்த்திருக்கேன். கதவைக் கொஞ்சம் திறந்து முகத்தை உள்ளே நீட்டுவாங்க. கண் எரியுதா, மூச்சு முட்டுதான்னு கணக்கு. அப்புறம் ஒரு கைப்பிடி காயைக் காதுக்கிட்ட குலுக்குவாங்க. உள்ளே விதை கலகலன்னு ஆடணும். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லாத வேலை அது.

காய் தன்னைத்தானே குளிர்விக்கிற நேரம்

இதில் முதல்ல என்னைக் குழப்பின விஷயம் ஒண்ணு உண்டு. அடுப்பு ஒரே மாதிரி எரிஞ்சாலும் அறை ஏன் ஒரே மாதிரி இருக்கிறதில்லை?

கணக்குப் போட்டுப் பாருங்க. பச்சைக்காயில் 80 சதவீதம் தண்ணீர். உலர்ந்த காயில் சுமார் 10 சதவீதம். அப்போ 100 கிலோ பச்சைக்காய் 22 கிலோவா இறங்கும். மீதி 78 லிட்டர் தண்ணீர், அதாவது அஞ்சாறு குடம், ஆவியாகி வெளியே போகணும். அந்தத் தண்ணீரை ஆவியாக்க மட்டுமே, எந்த நஷ்டமும் இல்லைன்னு வச்சாலும், 50 யூனிட் மின்சாரத்துக்கு மேல ஆகிற சூடு வேணும்.

முதல் சில மணி நேரம் இந்தச் சூட்டை எல்லாம் ஆவியே எடுத்துட்டுப் போகும். வேர்வை நம்ம உடம்பைக் குளிர்விக்கிற மாதிரி காய் தன்னைத்தானே குளிர்விச்சுக்கும். அடுப்பில் எவ்வளவு போட்டாலும் முள் ஏற மாட்டேங்குதேன்னு தோணும். புதுசா வர்றவங்க இங்கேதான் மாட்டுவாங்க. இன்னும் ரெண்டு கட்டை சொருகுவாங்க. கொஞ்ச நேரத்தில் ஈரம் குறைஞ்சதும் அதே நெருப்பு அறையைத் தடதடன்னு 70க்குத் தூக்கிடும். பச்சை போச்சு.

இது ஏலக்காய்க்கு மட்டும் உள்ள குணம் இல்லை. வெளிநாடுகள்ல வீட்டு முற்றத்தில் எலெக்ட்ரிக் ஸ்மோக்கர் வச்சு இறைச்சி புகைக்கிறாங்க. பெட்டி 107 முதல் 120 டிகிரி வரைக்கும் இருந்தாலும், பெரிய இறைச்சித் துண்டோட உள்சூடு 70ஐ ஒட்டி மணிக்கணக்கா நின்னுடும். அதுவும் இதே ஆவிதான். புதுசாப் பழகுறவங்க அங்கேயும் பதறிப்போய் சூட்டைக் கூட்டுறாங்க.

அதனால ஸ்டோரிலும் ஸ்மோக்கரிலும் முதல் பாடம் ஒண்ணுதான். முள் நிக்கும்போது நெருப்பைத் தொடுறதுக்கு முன்னால ஆவி வெளியே போக வழி இருக்கான்னு பாருங்க. ரெண்டாவது, தெர்மாமீட்டரைப் பண்டம் இருக்கிற தட்டு உயரத்தில் வைங்க. கதவுக்கிட்ட இருக்கிற முள் கதவோட சூட்டைத்தான் சொல்லும். மூணாவது, ஒரு மாற்றம் செஞ்சா அரை மணி நேரம் பொறுங்க. சும்மா சும்மா கதவைத் திறந்து பார்க்கிறது உள்ளே சேர்த்த சூட்டைக் கொட்டிட்டுத் திரும்ப முதலில் இருந்து ஆரம்பிக்கிறது மாதிரி.

ராத்திரி முழிக்கிற கருவி

இந்தப் பொறுமையை இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்தது தனிக் கதை. 18ஆம் நூற்றாண்டில் ஜான் ஹாரிசன் கடல் கடிகாரத்துக்காக ரெண்டு உலோகத்தை ஒட்டி ஒரு பட்டை செஞ்சார். சூடானா ஒரு பக்கமா வளையும். அந்த வளைவை வச்சு மின்சாரத்தை நிறுத்தவும் விடவும் முடியும்னு பிறகு கண்டாங்க. 1883இல் அமெரிக்காவில் வாரன் ஜான்சன்ங்கிற ஆசிரியர் வகுப்பறைச் சூட்டுக்காக மின் தெர்மோஸ்டாட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனா சாதாரண தெர்மோஸ்டாட் அணைக்கும், போடும். சூடு மேலும் கீழும் ஊசலாடும். எவ்வளவு விலகியிருக்கு, எவ்வளவு நேரமா விலகியிருக்கு, எவ்வளவு வேகமா மாறுதுன்னு மூணையும் பார்த்துத் திருத்துற கணக்கை 1922இல் நிக்கோலஸ் மினோர்ஸ்கி கப்பலோட்டத்துக்காக எழுதினார். ஸ்டோர்காரர் முகத்தை உள்ளே நீட்டி மனசில் போட்ட கணக்கும் கிட்டத்தட்ட இதேதான்.

1980களுக்கு அப்புறம் ஞள்ளானி ரகம் பரவி விளைச்சல் பெருகினது. பழைய ஸ்டோர் போதலை. மின்விசிறியும் தெர்மோஸ்டாட்டும் வச்ச டிரையர்கள் வந்தன: விறகு, டீசல், கேஸ், மின்சாரம்னு பலவிதம். சின்ன விவசாயி தனியா வாங்க முடியாது. கூலிக்கு உலர்த்தித் தர்ற இடத்துக்குக் காயைக் கொண்டுபோவார். அங்கே யாரோ செட் பண்ற எண்ணில்தான் இவரோட நிறம் இருக்கு. நேரம் மிச்சம் பண்ண 5 டிகிரி கூட்டினா டிரையர்காரருக்கு லாபம், காய்க்காரருக்கு நஷ்டம்.

விறகோட கணக்கு

கடைசியா ஒண்ணு. ஏலம் நிழலில் வளர்ற பயிர். மேலே மரம் இல்லைன்னா செடி இல்லை. அதே செடியோட காயை உலர்த்த காலங்காலமா எரிச்சது அந்த மலை விறகைத்தான். ஆவி போகாம மூடி வச்சு எரிக்கிற ஒவ்வொரு கட்டையும் வீண். அதனால ஜன்னலைச் சரியான நேரத்தில் திறக்கத் தெரிஞ்ச ஸ்டோர்காரர் நிறத்தோடு மரத்தையும் காப்பாத்தினார். டிரையரில் எண்ணை அழுத்துறவங்களுக்கும் அந்தப் பொறுப்பு அப்படியே இருக்கு. போடிப் பக்கம் போனா ஏலக்கடையில் ஒரு காயைக் கேட்டு வாங்கிப் பாருங்க. நல்ல பச்சையா, வெடிக்காம, குலுக்கினா சத்தம் வந்தா, அந்த ராத்திரி அந்த ஸ்டோரில் யாரோ சரியா முழிச்சிருந்தாங்கன்னு அர்த்தம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.