உப்பில்லாச் சோறும் ஜோம்பியும்

ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தை எத்தனை முறை பார்த்தேன் என்பதற்குக் கணக்கில்லை. 1968இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். பென்சில்வேனியாவில் ஒரு பண்ணை வீடு. உள்ளே ஏழு பேர். வெளியே எழுந்து வந்த பிணங்கள். ஜோம்பிப் படங்களுக்கெல்லாம் தாய் என்று ரசிகர்கள் சொல்வது இந்தப் படத்தைத்தான். ஆனால் முதல் காட்சியிலிருந்து கடைசி வரை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாலும் 'ஜோம்பி' என்ற சொல் ஒரு முறைகூட வராது. படத்துக்குள் செய்தி வாசிப்பவர்கள் அந்தப் பிணங்களுக்கு அரபு மொழியிலிருந்து வந்த 'கூல்' என்ற பெயரைத்தான் சொல்கிறார்கள். அது பாலைவனத்துக் கதைகளில் வரும் பிணந்தின்னிப் பேய். ஜோம்பி என்றால் கரீபியத் தீவுகளின் ஆட்கள் என்றுதான் நினைத்திருந்தேன் என்று ரொமேரோவே பிற்பாடு பேட்டிகளில் சொன்னார். மனித இறைச்சி தின்னும் கூட்டத்தின் தலையில் இந்தப் பெயரைக் கட்டியவர்கள் ரசிகர்கள். அந்தப் பெயர் அதற்கு முன்பு யாருடையதாக இருந்தது?

வேர் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. காங்கோ, அங்கோலாப் பகுதிகளின் மொழிகளில் இரண்டு சொற்களைக் காட்டுவார்கள். கிகோங்கோவில் 'ந்ஸாம்பி' என்றால் கடவுள். கிம்புண்டுவில் 'ந்ஸும்பி' என்றால் இறந்தவரின் ஆவி. பிரேசிலில் தப்பியோடிய அடிமைகள் கட்டிக்காத்த பால்மாரெஸ் குடியரசின் கடைசித் தலைவர் பெயர் ஸும்பி. 1695 நவம்பர் 20 அன்று போர்ச்சுக்கீசியர் அவரைக் கொன்றார்கள். ராபர்ட் சதே 1819இல் பிரேசில் வரலாற்றில் இவரைப் பற்றி எழுதியபோதுதான் இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. அந்தப் பெயருக்குக் கடவுள் என்று பொருள் என்றே அவர் எழுதினார்.

இருந்தாலும் 'ஆவி' என்ற வேர்தான் எனக்குப் பொருத்தமாகத் தெரிகிறது. காரணம், 1697இலேயே பிரெஞ்சில் 'பெரிய பெருவின் ஜோம்பி' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நாவல் அச்சாகியிருக்கிறது. எழுதியவர் பிளெஸ்புவா. கதை நடப்பது கரீபியக் கடலில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட குவாதலூப் தீவில். அங்கே ஜோம்பி என்பது கண்ணுக்குப் புலப்படாத ஆவி. உடலும் இல்லை, அழுகலும் இல்லை. நூறு ஆண்டு கழித்து 1797இல் பிரெஞ்சு எழுத்தாளர் மொரோ த சேன்-மெரி தந்த விளக்கமும் ஆவி, மாண்டு திரும்பியது என்பதே.

குவாதலூப் நமக்கு அந்நியமான மண் இல்லை. அடிமைமுறை 1848இல் ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் பிடிக்கப் பிரெஞ்சுக்காரர்கள் வந்து நின்றது புதுச்சேரியிலும் காரைக்காலிலும்தான். 1854 டிசம்பரில் 'ஆரேலி' என்ற கப்பல் முதல் கூட்டத்தை அங்கே இறக்கியது. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். அவர்களில் தமிழர் ஏராளம். மாரியம்மன் அங்கே 'மாலியேமின்' ஆனாள். அவர்களின் பேரப்பிள்ளைகள் பேசும் கிரியோல் மொழியில் 'ஜோன்பி' என்றால் இன்றும் பேய், ஆவி. பேய்க்கு அவர்கள் வீட்டில் புழங்கும் பெயரே அதுதான்.

ஆவிக்கு உடம்பு முளைத்தது ஹைத்தியில். சேன்-தொமிங்க் என்ற பெயரில் பிரான்சின் மிகப் பணக்காரக் குடியேற்றமாக அது இருந்தபோது சுமார் 5 லட்சம் அடிமைகள் அங்கே கரும்போடு மல்லுக்கட்டினார்கள். செத்தால் ஆன்மா ஆப்பிரிக்காவுக்குத் திரும்பிவிடும் என்பது அவர்களின் நம்பிக்கை. சாவு ஒன்றுதான் விடுதலை. அந்த விடுதலையையும் ஒருவன் பறித்துக்கொண்டால்? புதைத்த உடலை மந்திரவாதி எழுப்பி, ஆன்மாவை அடைத்துவைத்து, வயலில் ஏர் இழுக்க விட்டால்? ஹைத்தியின் ஜோம்பி இந்தப் பயத்தில் பிறந்தவன். அவன் யாரையும் கடிப்பதில்லை. அவனைக் கண்டு பயப்படுவதைவிட அவனாகிவிடுவோமோ என்றுதான் மக்கள் பயந்தார்கள். 1804இல் அடிமைகளே போரிட்டு நாட்டை மீட்ட பிறகும் பயம் போகவில்லை. ஒருவரைச் செத்ததுபோல் கிடத்தும் மருந்தைக் கொடுத்துப் புதைப்பதைக் கொலையாகக் கருதும் பிரிவு அந்நாட்டுத் தண்டனைச் சட்டத்திலேயே உண்டு.

அந்த நம்பிக்கையில் என்னை உலுக்கிய செய்தி ஒன்று இருக்கிறது. ஜோம்பிக்கு உப்பில்லாச் சோறுதான் போட வேண்டும். தவறி ஒரு கல் உப்பு நாக்கில் பட்டால் போதும். தான் யார் என்ற நினைவு வந்துவிடும், நேரே தன் புதைகுழியைத் தேடிப் போய்விடுவான். சோற்றில் உப்புப் போட்டுத்தானே சாப்பிடுகிறாய் என்று சுரணையைச் சீண்டுகிற ஊரில் வளர்ந்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை ஹைத்தியை ஆக்கிரமித்திருந்தது. அந்தக் காலத்தில் அங்கே போன வில்லியம் சீப்ரூக், 1929இல் 'தி மேஜிக் ஐலண்ட்' நூலில், ஓர் அமெரிக்கச் சர்க்கரைக் கம்பெனியின் வயலில் ஜோம்பிகள் வேலை செய்த கதையை எழுதினார். மூன்றே ஆண்டில் ஹாலிவுட் 'ஒயிட் ஜோம்பி' எடுத்தது. பேலா லுகோசி நடித்த அந்தப் படத்தில் ஒரு சர்க்கரை ஆலைக் காட்சி வரும். செக்கைத் தள்ளுகிறவர்களில் ஒருவன் தடுமாறி அரவைக்குள் விழுகிறான்; மற்றவர்கள் திரும்பிப் பார்க்காமல் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். ரத்தம் இல்லை, அலறல் இல்லை. நான் பார்த்த திகில் படக் காட்சிகளில் இதற்கு ஈடு மிகச் சில. 1943இல் ஜாக் தூர்னேர் எடுத்த 'ஐ வாக்டு வித் எ ஜோம்பி'யையும் இந்த வரிசையில் வைப்பேன். அதற்குப் பிறகு பெயரிலிருந்து கரும்பின் வாசனை போய்விட்டது.

காமிக்ஸில் இந்தப் பெயர் பட்ட பாடு தனி. 1954இல் அமெரிக்கப் பதிப்பாளர்கள் தாங்களே வகுத்துக்கொண்ட நெறிமுறை, நடமாடும் பிணங்களையும் ரத்தக் காட்டேரிகளையும் ஓநாய் மனிதர்களையும் தடை செய்தது. 1971இல் அதைத் தளர்த்தினார்கள். டிராகுலா, ஃபிராங்கென்ஸ்டைன்போல மதிப்புள்ள எழுத்தாளர்களின் மரபில் வந்தவை என்பதால் காட்டேரிக்கும் ஓநாய் மனிதனுக்கும் கதவு திறந்தது. 1973இல் மார்வெலின் 'டூம் ஆஃப் டிராகுலா' காமிக்ஸில் காட்டேரி வேட்டைக்காரன் பிளேடு பிறந்தான். 1998இல் அவன் படமும் வந்தது. ஜோம்பிக்கு மட்டும் கதவு திறக்கவில்லை. அவனைப் படைத்த பெரிய எழுத்தாளர் என்று எவரும் இல்லையே. வயலில் உழைத்தவர்களின் வாய்மொழிக்கு இலக்கியத் தகுதி மறுக்கப்பட்டது என்றுதான் இதை நான் வாசிக்கிறேன். மார்வெல்காரர்கள் ராபர்ட் ஹோவர்டின் சிறுகதை ஒன்றிலிருந்து 'ஜூவெம்பி' என்ற சொல்லை எடுத்து ஒட்டிச் சமாளித்தார்கள்.

இதற்கிடையில் 1978இல் ரொமேரோவின் அடுத்த நடமாடும் பிணப் படமான 'டான் ஆஃப் தி டெட்' இத்தாலியில் 'ஜோம்பி' என்ற பெயரிலேயே வெளியானது. பெயர் முழுதாகக் கைமாறிவிட்டது. உழைத்து மாளாதவன் போய், தின்று தீராதவன் வந்தான்.

ராபர்ட் கிர்க்மன் 2003இல் தொடங்கிய 'தி வாக்கிங் டெட்' காமிக்ஸை நான் மதிக்கிறேன். 2010இல் தொலைக்காட்சிக்கு வந்தபோது பிணங்களுக்கு 'வாக்கர்' என்றே பெயர். தலைப்பில் உள்ள நடமாடும் பிணங்கள் வெளியே உறுமுகிறவை இல்லை, நாம்தான் என்று கதாநாயகன் ரிக் ஓர் இடத்தில் சொல்கிறான். அந்த ஒரு கணத்தில் கதை தன்னையறியாமல் ஹைத்திக்குத் திரும்புகிறது. தொலைக்காட்சித் தொடர் பின்னாளில் இழுவையாகிப்போனது. 193 இதழோடு முடிந்த காமிக்ஸே எனக்கு உயர்ந்தது.

தமிழில் 2016இல் 'மிருதன்' வந்தது. மிருகத்தையும் மனிதனையும் இணைத்துச் செய்த பெயர். நோய் தொற்றிக் கடிக்க வருகிறவர்களுக்கு இது நல்ல பெயர், நிலைத்திருக்கலாம். ஆனால் உணர்வற்று, மனமற்று, உடல் மட்டும் வேலை செய்துகொண்டிருக்கும் மனிதனுக்குத் தமிழில் வேறு ஒரு சொல் காலம் காலமாக இருக்கிறது: நடைப்பிணம். ஹைத்தியின் வயலில் நின்றவனுக்கு இதைவிடப் பொருந்தும் சொல் எந்த மொழியிலும் இருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே. வசன மொழிபெயர்ப்பும் துணைத்தலைப்பும் எழுதும் நண்பர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: ரொமேரோவின் கூட்டத்துக்கு ஜோம்பி என்றே எழுதுங்கள். 'ஒயிட் ஜோம்பி'யின் ஆலைக்காரர்கள் வரும்போது மட்டும் நடைப்பிணம் என்று போடுங்கள்.