உபரிநீர்ப் போக்கி

உபரிநீர்ப் போக்கி என்பது, அணையில் தேக்க முடியாத வெள்ளத்தை அணைக்குச் சேதமின்றி ஆற்றில் இறக்கிவிடும் கட்டுமானம். ஏரிகளில் இது கலிங்கு எனப்படுகிறது. குளம் நிரம்பி இவ்வழியே நீர் வெளியேறுவதை இலங்கையில் 'வான் பாய்தல்' என்பர். பாசன மதகு பயிருக்கு நீர் தருகிறது. போக்கி அணையையே காக்கிறது.

தேவை

மண் அணையின் மேல்விளிம்பைத் தாண்டி நீர் வழிந்தால், பின்சரிவு அரிபட்டுச் சில மணி நேரத்தில் அணை உடையலாம். குஜராத்தின் மச்சு-2 அணையில் 1979 ஆகஸ்ட் 11 அன்று, போக்கியின் திறனை மிஞ்சிய வெள்ளம் மண்கரைகளின் மேல் ஏறிப் பாய்ந்து அவற்றை உடைத்தது. மோர்பி நகரம் மூழ்கி ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஆகவே, அந்தந்த ஆற்றில் வரக்கூடிய பெருவெள்ளத்தைக் கணித்தே போக்கியின் அளவு முடிவு செய்யப்படுகிறது.

அமைப்பு

பல போக்கிகளின் முகடு, தடுப்பைத் தாண்டி விழும் நீரின் அடிப்பரப்பு எப்படி வளையுமோ அதே வளைவில் வார்க்கப்படுகிறது. இதனால் நீர் கான்கிரீட்டை ஒட்டியே இறங்கும். முகட்டுக்கு மேல் நிற்கும் நீரின் உயரம் இரண்டு மடங்கானால், வெளியேறும் நீர் ஏறத்தாழ 2.8 மடங்காகும்.

ஷட்டர் இல்லாத போக்கியில் நீர் தானாக வழியும். ஷட்டர் இருந்தால் முகட்டுக்கு மேலும் தேக்கலாம். ஆனால், மின்சாரமும் எந்திரமும் ஆளும் எந்நேரமும் தயாராக இருக்க வேண்டும்.

உயரத்திலிருந்து இறங்கும் நீர் ஆற்றுப்படுகையைக் குடைந்து, அணையின் அடித்தளத்தையே அசைத்துவிடும். எனவே, அடிவாரத்துத் தொட்டியில் நீரைக் கொந்தளித்து எழச்செய்து வேகத்தைத் தணிக்கிறார்கள். அல்லது கீழ்முனையை மேல்நோக்கி வளைத்து, நீரைத் தொலைவில் போய் விழச்செய்கிறார்கள்.

இயக்கம்

1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (1 டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி). அணை நிரம்பும் நாட்களில், மின் நிலையங்கள் வழியாக விட்டதுபோக எஞ்சிய உபரிநீர் 16 கண் மதகு எனப்படும் போக்கி வழியே காவிரிக்குத் திறக்கப்படுகிறது.

வெள்ளத்தின் உச்சத்தைக் குறைப்பது அணையில் உள்ள காலியிடம்தான். நொடிக்கு 1 லட்சம் கன அடி வரத்து ஒரு நாள் நீடித்தால் 8.64 டி.எம்.சி. சேரும். அதை ஏற்க இடமில்லையென்றால், வரத்தை ஏறக்குறைய அப்படியே கீழே விட்டாக வேண்டும். அதனால்தான் மழைக்கணிப்பையும் நீர்வரத்தையும் பார்த்து முன்கூட்டியே படிப்படியாகத் திறப்பதும், கரையோர மக்களை எச்சரிப்பதும் இன்றியமையாதவை.

பராமரிப்பு

அமெரிக்காவின் ஒரோவில் அணையில் 2017 பிப்ரவரி 7 அன்று, முதன்மைப் போக்கியின் கான்கிரீட் தளம் பெயர்ந்தது. வெடிப்புகளிலும் இணைப்புகளிலும் புகுந்த நீர் தளத்தை அடியிலிருந்து தூக்கியதே காரணம். திறப்பைக் குறைத்ததும் நீர்மட்டம் ஏறி, அவசரகாலப் போக்கி வழிந்தது. கான்கிரீட் தளம் போடப்படாத அதன் மலைச்சரிவு தடுப்புச்சுவரை நோக்கி அரிபட்டது. ஏறத்தாழ 1.88 லட்சம் மக்களை வெளியேறச் சொல்லிவிட்டு, பழுதான முதன்மைப் போக்கியிலேயே நொடிக்கு 1 லட்சம் கன அடி திறந்து நீர்மட்டத்தைக் குறைத்தனர். பல ஆண்டுகள் நீரே பாயாமல் கிடக்கும் போக்கிக்கும் வெடிப்பு, வடிகால், ஷட்டர் ஆய்வுகள் ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் அவசியம்.