நாலு சுவருக்குள் ஒரு பந்தல்

கலியாணச் செலவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நம்மவர்கள் முதலில் நகையைச் சொல்வார்கள். அடுத்தபடியாகச் சாப்பாட்டைச் சொல்வார்கள். மூன்றாவதாக, கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மண்டபத்தை வேறு அலங்காரம் பண்ண வேண்டியிருக்கிறதே!" என்பார்கள். இந்த மூன்றாவது கவலைக்கு வயது மிகவும் குறைவு. நம்முடைய கொள்ளுப்பாட்டனார்களுக்கு அது இருந்ததில்லை. அவர்கள் சிக்கனக்காரர்கள் என்பதால் அல்ல. அவர்களுக்கு மண்டபமே கிடையாது. வீட்டு வாசலில் பந்தல் போட்டார்கள். பந்தல் என்பதே அலங்காரம்தான். அதற்குச் சுவர் இல்லை. ஆகையால் வெறுஞ்சுவர் என்ற சங்கடமும் இல்லை.

பழைய இலக்கியத்தில் இதற்குச் சாட்சி இருக்கிறது. அகநானூற்றில் 86ஆம் பாட்டு நல்லாவூர் கிழார் பாடியது. ஒரு கலியாண வீட்டை அவர் காட்டுகிறார். வரிசையாகக் கால் நாட்டிய பெரிய பந்தல், தரையிலே கொண்டுவந்து பரப்பிய மணல், வீட்டில் ஏற்றிவைத்த விளக்கு, தொங்கவிட்ட மாலைகள், உளுந்து சேர்த்துக் குழைய வேகவைத்த சோறு. அவ்வளவுதான். இதில் ரொக்கம் கொடுத்து வாங்கும்படியான பொருள் எது என்று எத்தனை தேடினாலும் அதிகம் அகப்படாது. சிலப்பதிகாரத்துக்கு வந்தால் கதையே வேறு. அது புகார் நகரத்துப் பெருவணிகர் வீடு. வயிரமும் மணியும் பதித்த தூண்கள், நீல நிற விதானம், முத்துப் பந்தல் என்று அமர்க்களப்படுகிறது. கலியாண விஷயத்தில் தமிழர்கள் இரண்டு கட்சி என்பது அன்றைக்கே தீர்மானமாகிவிட்டது! முத்துப் பந்தலின்கீழ் நடந்த அந்தக் கலியாணம் எப்படி முடிந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அதற்காகப் பந்தலைக் குறை சொல்ல நான் தயாராயில்லை.

கொங்கு நாட்டுப் பந்தல் நல்லாவூர் கிழார் கட்சியைச் சேர்ந்தது. கவையுள்ள பாலைமரக் கொம்பு ஒன்றை வெட்டிக்கொண்டு வந்து முகூர்த்தக்கால் நடுவார்கள். கலியாணச் சீர்களை முன்நின்று நடத்திவைக்கும் அருமைக்காரர் பக்கத்தில் இருப்பார். பிறகு தோப்பிலிருந்து தென்னங்கீற்று வரும். காலிங்கராயன் வாய்க்கால் போல் நீர் பாயும் பக்கமாக இருந்தால் குலை தள்ளிய வாழை இரண்டு வாசலுக்கு வந்துவிடும். மேட்டாங்காட்டுப் பக்கத்து ஊர்களில், சோளமும் கம்பும் விளைகிற பூமியில், வாழைக்கு எங்கே போவது? பனையோலை இருக்கிறது, அது போதும். குருத்தோலையைக் கிழித்து மடித்துத் தோரணம் பின்னுவதற்கு ஊரில் நாலு பேருக்குக் கை பழகியிருக்கும். மாவிலை கட்டப் பையன்கள் போதும். கூந்தல்பனையின் பூங்குலையை வெட்டித் தொங்கவிட்டால், மரமே சடை பின்னிக்கொண்டு கலியாணத்துக்கு வந்ததுபோல் இருக்கும். எந்தப் பட்டுத் திரையும் எனக்கு அந்த அழகைத் தந்ததில்லை.

இப்படிச் சொல்லிக்கொண்டே போனால், "ஆகா, அந்தக் காலத்தில் எல்லாம் காசில்லாமல் நடந்தது" என்று நீங்கள் பெருமூச்சு விடக்கூடும். சற்றுப் பொறுக்க வேண்டும். பந்தலுக்கு உள்ளே தலைக்குமேல் வெள்ளைத் துணி மேற்கட்டி கட்டினார்களே, அது யாருடைய துணி? பெண்ணும் மாப்பிள்ளையும் நடந்து வர வழியெல்லாம் விரித்தார்களே, மாத்து, அதை விரித்தது யார்? ஊர் வண்ணார். அவர் வெளுத்து வைத்திருந்த துணிதான் கூரையும் ஆயிற்று, பாதையும் ஆயிற்று. சீர்ப் பானைகளைக் குயவர் கொண்டுவந்தார். மரவேலைக்குத் தச்சர் வந்தார். கம்பர் பாடியது என்று வழங்கும் மங்கல வாழ்த்தைக் கொங்கு வேளாளர் கலியாணத்தில் சொல்லும் உரிமை நாவிதருக்கு. அவரைக் குடிமகன் என்பார்கள். உரிமை என்ற சொல் காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் "இன்றைக்கு எனக்குச் சௌகரியப்படாது" என்று சொல்லும் உரிமை அவர்களில் எவருக்கும் இருந்ததில்லை. கூலி என்று பேசி வாங்கவும் முடியாது. களத்து மேட்டில் அளந்து போடும் தானியமும், சீர் முடிந்தபின் கொடுப்பதும்தான் வருமானம். பந்தல் மலிவாக முடிந்ததென்றால் பாதிச் செலவை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்று பொருள். கலியாண வீட்டுக் கணக்கு நோட்டில் அந்த வரி மட்டும் எழுதப்படவில்லை.

இந்த ஏற்பாட்டை ஒரேயடியாக உதறித் தள்ளிய கலியாணமும் கொங்கு மண்ணைச் சேர்ந்த ஒருவரிடமிருந்தே வந்தது. ஈரோட்டில் 1879இல் பிறந்த பெரியார் 1925இல் அங்கிருந்தே 'குடி அரசு' பத்திரிகையைத் தொடங்கினார். முதல் சுயமரியாதைக் கலியாணம் என்று சொல்லப்படுவது 1928இல் அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் நடந்தது. புரோகிதர் வேண்டாம், அக்கினி வேண்டாம், நாள் நட்சத்திரம் வேண்டாம் என்றார்கள். இவை வேண்டாமென்றால் முகூர்த்தக்காலுக்கும் அரசாணிக்காலுக்கும் வேலை ஏது? நாலு சுவரும் ஒரு மேடையும் போதும். ஒரு மேஜை, சில நாற்காலிகள், இரண்டு மாலைகள், ஓர் ஒலிபெருக்கி. இத்தகைய கலியாணம் சட்டப்படி செல்லாது என்று 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அண்ணாதுரை முதலமைச்சராக இருந்தபோது 1967இல் சட்டம் திருத்தப்பட்டு, முன்பு நடந்தவையும் சேர்த்துச் செல்லுபடியாயின.

இந்தக் கலியாணங்களின் கொள்கையைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். அவற்றின் மேடையைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. பந்தலில் ஜனங்கள் மணவறையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். குழந்தைகள் குறுக்கே ஓடின. பெண்டுகள் ஒரு பக்கம் பேசிக்கொண்டிருந்தார்கள். மேடை வந்ததும் எல்லாரும் ஒரே திசையைப் பார்த்து உட்கார வேண்டியதாயிற்று. பார்த்தால் எதிரே என்ன தெரியும்? தம்பதிகளுக்குப் பின்னால் உள்ள சுவர்! அந்தச் சுவரை மூட வேண்டும் என்ற கவலை அங்கே பிறந்தது என்பது என் அபிப்பிராயம். கொள்கையில் எதிர்க்கட்சியான வைதிகக் கலியாணக்காரர்களும், பின்னாளில் மண்டபத்துக்கு வந்தபோது, மேடையை மட்டும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள்.

மண்டபத்துக்கு ஏன் வந்தார்கள்? கோயமுத்தூரில் 1888இல் ஸ்டேன்ஸ் துரை பஞ்சாலை வைத்தார். 1932இல் பைக்காராவிலிருந்து மின்சாரம் இறங்கியதும் ஆலைகள் மளமளவென்று பெருகின. கிராமத்தில் விசாலமான வாசல் வைத்திருந்தவர்கள் நகரத்தில் வரிசை வீடுகளில் குடியேறினார்கள். தெருவில் பந்தல் போட்டால் வண்டி போக வழியில்லை. வேறொன்றும் நடந்தது. எண்ணெய் விளக்கிலும் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்திலும் மூலைகள் இருட்டாகவே இருக்கும். இருட்டு ஓர் அருமையான அலங்காரக்காரன், காசு கேட்காதவன். மின்சார விளக்கைப் போட்டதும் சுண்ணாம்பு உதிர்ந்த இடமெல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

எங்கள் உறவில் ஒரு பெண்ணுக்குப் பள்ளிக்கூடக் கூடம் ஒன்றில் கலியாணம் ஏற்பாடாயிற்று. நீலம் கலந்த சுண்ணாம்பு அடித்த நீண்ட கூடம். ஒரு சுவரில் கரும்பலகை வேறு. பெண்ணின் தகப்பனார் சுற்றிலும் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். என்னுடைய அத்தை ஒருத்தி இடுப்பில் கையூன்றியபடி ஒரு தடவை நடந்து பார்த்தாள்.

"ஏங்கண்ணு, சுவத்துக்கெல்லாமா கலியாணம்? வாசப்படி ஒண்ணு, தரை ஒண்ணு, பொண்ணு மாப்பிள்ளை உக்கார்ற எடம் ஒண்ணு. மிச்சத்த ஆரு பாக்கறாங்க?" என்றாள்.

"கரும்பலகை இருக்குதேங்க அக்கா?" என்றார் பெண்ணின் தகப்பனார்.

"அதுல நல்வரவுன்னு எழுதிப் போடச் சொல்லு. வாத்தியார் ஊட்டுப் பையன் கையெழுத்து நல்லாருக்கும்."

அத்தை சொன்னபடியே நடந்தது. வாசலுக்கு இரண்டு வாழை. சம்பந்தி வீட்டுத் தோட்டத்திலிருந்து வந்தவை. தரைக்குப் பவானி ஜமக்காளம். முரட்டு நூலில், அகல அகலமான பட்டைகளாக, சிவப்பும் பச்சையும் நீலமும் கூசாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த விரிப்பைப் போட்டுவிட்டால், சுவர் எந்த நிறமானாலும் கண் தரையைவிட்டு எழுந்திருக்காது. (ஜமக்காளத்தில் வடிகட்டிய பொய் என்கிறோமே, அந்த நெசவின் கெட்டித்தனத்துக்கு வேறு நற்சாட்சி வேண்டுமா? 2005இல் புவிசார் குறியீடு என்ற சர்க்கார் நற்சாட்சியும் பவானிக்குக் கிடைத்தது.) பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்த இடத்துக்குப் பின்னால், உறவுக்காரப் பெண்களின் பெட்டியிலிருந்து எடுத்த பட்டுச் சேலைகளைக் கயிற்றில் கொசுவித் தொங்கவிட்டாள் அத்தை. சத்தியமங்கலத்து மல்லிகையை அந்த ஒரே இடத்தில் நெருக்கமாகக் கட்டினாள். கூடம் முழுதும் இறைத்திருந்தால் நாலு சரம் போதாமல் ஏழ்மை தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு தெர்மாகோல் வந்தது. மணமக்களின் பெயரை வெட்டி ஒட்டி ஜிகினா தூவினார்கள். பிறகு நுரைத் தூண்கள், அட்டைக் கோபுரங்கள். ஸ்டூடியோக்கள் இருந்த ஊர் அல்லவா கோயமுத்தூர்? பட்சிராஜாவின் செட்டுகளைப் பார்த்த ஜனங்களுக்குக் கலியாண மேடையும் ஒரு செட்டாகத் தோன்றியதில் வியப்பில்லை. பொய் அலங்காரம் நமக்கு மட்டும் உரியதும் அல்ல. யுத்தத்தின்போது 1940இல் இங்கிலாந்தில் கேக்கின் மேல் சர்க்கரைப் பூசக் கூடாது என்று தடை போட்டார்கள். உடனே அட்டையில் மூன்றடுக்குக் கூடு செய்து, சின்னஞ்சிறு கேக் ஒன்றை அதற்குள் ஒளித்துவைத்துக் கலியாணம் நடத்தினார்கள். அந்த அட்டையை நான் கேலி செய்ய மாட்டேன். இல்லாதபோது செய்த பொய் அது. நம் நுரைத் தூண்கள் பெரும்பாலும் கடன் வாங்கிச் செய்த பொய்.

ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை வந்தது. தென்னங்குருத்துத் தோரணத்துக்கு மறுபடி கொஞ்சம் மதிப்பு. ஆனால் அதைப் பின்னித் தருகிறவர்கள் இப்போது தொழிலாக வருகிறார்கள், முன்பணம் வாங்குகிறார்கள். முகூர்த்த நாளில் மல்லிகை விலை ஏறுகிற மாதிரி அவர்கள் கூலியும் ஏறுகிறது. "ஓலை மடிக்கக்கூடவா இத்தனை ரூபாய்?" என்று முனகாத பெரியவர் இல்லை.

அண்மையில் ஒரு கலியாணம் முடிந்த மறுநாள் காலை, வாடகைக் கடைக்காரர் துணிகளை எண்ணி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். மேற்கட்டித் துணி, நடைவிரிப்பு, மேடைத் திரை எல்லாம் அவருடையவை. ஒரு விரிப்பில் குங்குமக் கறை. அதற்குத் தனியாக ஒரு தொகை போட்டார். வீட்டுக்காரர், "பாத்துப் போடுங்க" என்று இழுத்தார். கடைக்காரர் பேனாவை மூடி, ரசீதைக் கிழித்து அவர் கையில் கொடுத்துவிட்டு, நின்றபடியே பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார்.